தண்ணீர் வடிந்த வீட்டில் செய்யக் கூடாதவை



2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. அதில் கால்வாசி பெய்தாலே போதும், பள்ளமான தெருக்களில் வீட்டுக்குள் தண்ணி வந்துவிடும். வரும்போது எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறோம். வடிந்த பிறகுதான் அவசரப்படுகிறோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கை முதலில் லைட் சுவிட்சுக்குத்தான் போகும். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் வெள்ள நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் நன்றாகக் கடத்தும். அந்த நீர் பிளக் பாயின்ட்டுக்குள்ளும், ஒயர் போகும் பைப்புக்குள்ளும் பல நாள் தங்கும். தரை காய்ந்துவிட்டதே என்று நம்பக் கூடாது. மெயின் சுவிட்ச் பக்கத்தில் தண்ணி நின்றால் அதை அணைக்கக்கூடப் போகாதீர்கள், லைன்மேனைக் கூப்பிடுங்கள். நனைந்த மிக்ஸி, டி.வி.யை "ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்பார்கள். எலக்ட்ரீசியன் பார்க்கும்வரை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது அரிசி மூட்டை. இதைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும். ஒரு மாத ரேஷன் அரிசியை யாருக்குத்தான் கொட்ட மனசு வரும்? கழுவிக் காயவைத்தால் சரியாகிடும் என்று பாட்டிமார் சொல்வாங்க. ஆனால் வெள்ள நீரில் சாக்கடையும் கக்கூஸ் தண்ணியும் கலந்திருக்கும். ஈர அரிசியில் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகளின் நஞ்சு சமைத்தாலும் போகாது. கோழிக்கும் மாட்டுக்கும்கூடப் போடக் கூடாது, அவற்றையும் அது பாதிக்கும்.

தரை கழுவ பிளீச்சிங் பவுடர் நல்லதுதான். அதோடு பாத்ரூம் ஆசிட்டைச் சேர்த்தால் குளோரின் வாயு வரும், மூச்சு அடைக்கும். கழுவும்போது காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக உள்ளே போகலாம். அதனால் செருப்பு போதாது, பூட்ஸ் வேண்டும்.

பொங்கலுக்கு முன்னாடி வெள்ளை அடிக்கணும் என்று ஈரச் சுவரில் அடிப்பதும் வீண் செலவு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல செங்கல் தண்ணியை மேலே இழுக்கும். ஈரம் உள்ளே இருந்தால் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்துவிடும். ஜன்னலைத் திறந்து காற்றோட விடுங்கள், பல வாரம் ஆகும்.

நம்ம மார்க்‌ஷீட், சாதிச் சான்றிதழ் நனைந்து ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெயிலிலும் வைக்க வேண்டாம், இஸ்திரியும் போட வேண்டாம். நிழலில் காற்றுப்பட வைத்து, ஓரளவு காய்ந்து தானாக இளகும்போது ஒவ்வொன்றாக எடுத்து, இடையில் அச்சிடாத வெற்றுத் தாள் வையுங்கள். தாள் நனைந்ததும் மாற்றுங்கள்.