எந்த உப்பு நல்லது?

கேள்வி: என் கணவர் பிறை தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை செய்கிறார். 48 வயது. போன மாதம் கிளினிக்கில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 150/95. மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். வெள்ளை உப்பை விட்டுவிட்டு இளஞ்சிவப்பு இமயமலை உப்புக்கு மாறினால் போதும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. விலை பல மடங்கு, ஆனாலும் வாங்கிவிட்டேன். மாமியாரோ, ‘ஊரில் கல் உப்புதான் சாப்பிட்டோம், அதைப் போடு’ என்கிறார். எதைப் போட்டுச் சமைப்பது?
— வாசகி, பிறை

பதில்: சகோதரி, உங்கள் கணவரின் ரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றுதான். அந்த இளஞ்சிவப்பு உப்பு பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. அதில் கலந்திருக்கும் சிறிதளவு இரும்புதான் அந்த நிறத்தைத் தருகிறது. மற்றபடி அதுவும் சோடியம் குளோரைடுதான். அதிலுள்ள தாதுக்களால் உடம்புக்குப் பயன் கிடைக்க வேண்டுமென்றால் கேடு விளைவிக்கும் அளவுக்கு உப்பைத் தின்ன வேண்டியிருக்கும். கல் உப்பில் ஒரு சின்ன லாபம் உண்டு. கற்களுக்கு இடையே இடைவெளி இருப்பதால் ஒரு கரண்டி கல் உப்பு, ஒரு கரண்டி தூள் உப்பை விட எடை குறைவு. ‘உப்பு பத்தவில்லை’ என்று இன்னொரு கரண்டி போட்டால் அந்த லாபமும் போய்விடும்.

சோடியம் அதிகமானால் அதைக் கரைத்து வைக்க உடம்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தின் கொள்ளளவு கூடுகிறது, குழாய்களுக்குள் அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம் ஓயாமல் உழைக்கிறது. வயது ஏற ஏற இந்த உழைப்பைத் தாங்கும் சக்தி குறையும். மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய பத்துப் பேரில் மூவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. பலர் தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வரும்வரை சோதித்துப் பார்ப்பதே இல்லை. உங்கள் கணவருக்கு இப்போதே தெரிந்தது நல்லதாயிற்று. மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் தானாக நிறுத்த விடாதீர்கள்.

ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சுமார் ஒரு தேக்கரண்டி. 2017–18இல் மலேசியர்களிடம் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து நடத்திய ஆய்வில் சராசரி 7.9 கிராம் என்று தெரியவந்தது. ஐந்தில் நான்கு பேர் அளவைத் தாண்டியிருந்தார்கள்.

இதை உங்கள் வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரியவர்கள் நான்கு பேர், ஆளுக்கு 5 கிராம் என்றால் மாதத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ பொட்டலம் ஒரே மாதத்தில் தீர்ந்துபோகிறது, ஊறுகாய்க்கோ கருவாட்டுக்கோ தனியாக எடுக்கவும் இல்லை என்றால், வெளியே சாப்பிடுவதைக் கணக்கில் சேர்க்கும் முன்பே நீங்கள் எல்லையைக் கடந்துவிட்டீர்கள்.

அந்த வெளிச் சாப்பாடுதான் எனக்குப் பெரிய கவலை. ஷிப்டு முடிந்து வரும் மனிதர் மாமாக் கடையில் மீ கோரேங்கோ, நாசி கண்டாரில் நாலு குழம்பைக் கலந்து ஊற்றிய சோறோ சாப்பிட்டால், வீட்டில் நீங்கள் எந்த நிற உப்பைப் போட்டாலும் என்ன பயன்? ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பில் (சோயா சாஸ்) மட்டும் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். அதாவது 2 கிராமுக்கு மேல் உப்பு. பாக்கெட்டில் போட்டிருக்கும் சோடியம் மில்லிகிராமை 400ஆல் வகுத்தால் உப்பு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். மேகி மீ மாதிரியான பாக்கெட்டில் 1,600 என்று இருந்தால் 4 கிராம். அன்றைய அளவில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே கிண்ணத்தில் போய்விடும். அவரிடம் சொல்லுங்கள்: குழம்பைத் தனியாக வாங்கட்டும், மீயைத் தின்றுவிட்டு சூப்பை விட்டுவிடட்டும், கிச்சாப் புட்டியை மேசையின் அந்தப் பக்கம் தள்ளி வைக்கட்டும்.

வீட்டில் ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து, புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையைக் கூட்டுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பிறகு பழைய அளவே கரிக்கும்.

பொட்டாசியம் கலந்த உப்பும் கடைகளில் கிடைக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், 25 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். உங்கள் கணவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை டாக்டரிடம் காட்டிக் கேட்காமல் அந்த உப்பைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, அயோடின். மேற்கு மலேசியாவிலும் உப்பில் அயோடின் சேர்ப்பது 2020 முதல் சட்டமாகியிருக்கிறது. கர்ப்பிணிக்கு அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். விலையுயர்ந்த பாறை உப்புகளில் பெரும்பாலும் அது சேர்க்கப்படுவதில்லை. ‘பெர்யோடின்’ (அயோடின் சேர்த்தது) என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிவிட்ட இமயமலை உப்பை வீணாக்க வேண்டாம்; தொண்டை கரகரத்தால் வெந்நீரில் போட்டுக் கொப்பளிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பினாங்குக்காரர்கள் நாங்கள் பெலாச்சானும் கருவாடும் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: விடச் சொல்லவில்லை ஐயா. மீனிலும் கூனி இறாலிலும் உள்ள ஈரத்தை உப்பு வெளியே இழுத்துவிடுவதால்தான் கிருமிகள் பெருக முடியாமல் போகின்றன. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் கடலோர மக்களைக் காப்பாற்றிய அறிவு அது. அசாம் லக்சாவின் மேல் ஊற்றும் கரிய இறால் விழுதும், சௌராஸ்தா சந்தையில் விற்கும் ஜாதிக்காய், மாங்காய் ஜெருக்குகளும் அந்த அறிவின் பிள்ளைகள்தான்.

கருவாட்டை அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை ஒருமுறை மாற்றி, பிழிந்து கழுவுங்கள். உப்பு நிறையவே இறங்கிவிடும். அதன் பிறகு குழம்பில் தனியாக உப்புப் போடவே வேண்டாம். பெலாச்சான் சேர்த்த சம்பாலுக்கும் அதே விதிதான். கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில் அப்பளமும் ஊறுகாயும் மேசைக்கு வர வேண்டாம்.

சீன முறையில் பதப்படுத்தும் உப்பு மீனை, மூக்குக்குப் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய்க்குக் காரணமானவற்றின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிறது. அந்த மீனைச் சிறு பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டாம்.

கேள்வி: வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய கதையைத் தாத்தா சொல்லுவார். எங்கள் ஊர் அதற்குப் பக்கத்தில்தான். கைக்குப் பக்கத்தில் கடல் இருக்கும்போது உப்புக்கு ஏன் போராட்டம்?
— வாசகர், புக்கிட் மெர்தாஜம்

பதில்: கடல் இருந்தது, அள்ளும் உரிமை இல்லை. உப்பைப் பிரிட்டிஷ் அரசு தன் பிடியில் வைத்துக்கொண்டு வரி போட்டது. பணக்காரர் வீட்டுக்கும் கூலிக்காரர் வீட்டுக்கும் உப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான் செலவாகும் என்பதால், அந்த வரி ஏழையின் வயிற்றில்தான் அதிகமாக அடித்தது. வெயிலில் பாடுபட்டு வியர்வையாக உப்பை இழக்கும் உழவருக்கு அது இன்னும் கொடுமை.

காந்தி தண்டியில் உப்பு எடுத்த ஒரு வாரத்தில், 1930 ஏப்ரல் 13 அன்று, ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். நேராகக் கொடுக்க முடியாத மக்கள், சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். எனக்கு அந்தப் போராட்டத்திலேயே மிகப் பிடித்த செயல் அதுதான். வேதாரண்யத்தில் அவர்களை வரவேற்றுத் தங்கவைத்த வேதரத்தினம் பிள்ளை, சிறை சென்றதோடு சொத்தையும் இழந்தார். ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பள்ளிக் கைதானார். உப்பு வரி 1947இல்தான் நீங்கியது.

உங்கள் தாத்தாவைப் போன்றவர்கள் கப்பலேறிய நாகப்பட்டினம் துறைமுகம் அங்கிருந்து வடக்கே சிறிது தூரம்தான். பினாங்கு வந்து இறங்கிய எத்தனையோ குடும்பங்களில் இந்தக் கதையை நேரில் கண்டவர்கள் இருந்திருப்பார்கள். தாத்தா சொன்னதை எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் நினைவிருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் உப்பையே முழுதாக விட்டுவிடலாமா? பேரனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோதுகூட உப்புத் தண்ணீர் கொடுக்கப் பயந்தேன்.
— பாட்டி ஒருவர், நிபோங் திபால்

பதில்: வேண்டாம் பாட்டி. நரம்பும் தசையும் இயங்க சோடியம் வேண்டும். வயிற்றுப்போக்கில் பிள்ளையின் உடம்பிலிருந்து தண்ணீரோடு உப்பும் போய்விடுகிறது. அப்போது வெறும் தண்ணீர் போதாது. மருந்துக் கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் முதல் தேர்வு. அது கைக்குக் கிடைக்கும்வரை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறுகச் சிறுகக் கொடுங்கள். உப்பைக் கண் அளவாகப் போடாதீர்கள்; கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. கலந்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையென்றால் அதை நிறுத்தக் கூடாது. பிள்ளை துவண்டு கிடந்தாலோ, கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாமல் இருந்தாலோ, எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாலோ அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.