மூச்சுத் திணறும் செல்லப்பிராணிக்கு எந்த ஆக்சிஜன்?

பக்கத்து வீட்டுப் பூனை ஒரு ராத்திரி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. மாஸ்க்கை முகத்தருகே கொண்டுபோனதும் பீரோவுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. இழுத்து வெளியே எடுப்பதற்குள் ஈறு இன்னும் வெளுத்திருந்தது. பிராணி முரண்டு பிடிக்காமல் ஏற்கும் முறையே அவசரத்துக்கு நல்ல முறை என்பது அன்று புரிந்தது.

எப்போது ஆபத்து?
நாய் வெயிலில் நாக்கைத் தொங்கவிடுவது இயல்பு; பூனை வாயால் மூச்சுவிடுவது பெரும்பாலும் ஆபத்து. தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு விட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈறு நீலமானாலோ, கழுத்தை நீட்டி முழங்கையை அகட்டி நின்றாலோ உடனே கிளம்புங்கள். ஆக்சிஜன் வழித்துணைதான், வைத்தியம் மருத்துவமனையில்.

எதிலிருந்து எடுப்பது?
*கான்சன்ட்ரேட்டர்:* கொரோனா காலத்தில் வாங்கிய 5 லிட்டர் கருவி பரணில் இருந்தால் போதும். தீர்ந்துபோகாது; கரண்ட் போனால் நின்றுவிடும், ஆட்டோவில் உதவாது.
*சிலிண்டர்:* 1,500 லிட்டர் உள்ளது, நிமிடத்துக்கு 3 லிட்டர் வீதம் எட்டு மணி நேரம் வரும். ரெகுலேட்டர் வேண்டும், உருளாதபடி கட்டிவைக்க வேண்டும்.
*கையடக்கக் கேன்:* 10 லிட்டர் கேன் அதே வீதத்தில் மூன்றே நிமிடம். இதை நம்பிப் பயணம் கிளம்பாதீர்கள்.

எதுவானாலும், அறையில் சாமி விளக்கு, அடுப்பு, கொசுவத்தி எரியக்கூடாது.

எப்படிக் கொடுப்பது?
*குழாய்:* மூக்கிலிருந்து 2–4 செ.மீ. தள்ளி, பக்கவாட்டில் பிடியுங்கள். காற்றில் 21 சதவீதமாக உள்ள ஆக்சிஜன் 25–40 வரை ஏறும். முதலில் முயலவேண்டியது இதுதான்.
*மாஸ்க்:* 50 சதவீதத்தைத் தாண்டலாம். சோர்ந்து கிடக்கும் பிராணிக்குப் பொருந்தும். இறுக்கமாக அமுக்கினால் வெளிவிட்ட மூச்சையே திரும்ப இழுக்கும்.
*கூம்புக் காலர்:* முன்வாயை முக்கால்வாசி கிளிங் ஃபிலிமால் மூடி, கீழ்ப்பக்கமாகக் குழாயை நுழையுங்கள். மேலே திறந்திருக்கும் இடைவெளி வழியாகச் சூடும் ஈரமும் கரியமில வாயுவும் போகும். மணிக்கணக்கில் கொடுக்க ஏற்றது.
*பெட்டி:* தொட்டாலே பதறும் பூனைக்கும் முயலுக்கும் நல்லது. காற்றுப் போக்கு இருக்கட்டும். திறந்த நொடியில் ஆக்சிஜன் கலைந்துவிடும். உள்ளே சூடு ஏறுவதால், வெயிலில் மயங்கிய பக் நாயை இதில் அடைக்காதீர்கள். உடம்பை நனைத்து, விசிறிவிட்டு, குழாயைப் பிடியுங்கள்.

மூச்சே நின்றால்?
நினைவும் மூச்சும் இல்லையென்றால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. பக்கவாட்டில் படுக்கவைத்து, நிமிடத்துக்கு 100–120 முறை மார்பை அமுக்குங்கள். ஒவ்வொரு 30 அமுக்கலுக்கும், அதன் வாயை இறுக மூடி மூக்கு வழியாக இரண்டு முறை ஊதுங்கள். இன்னொருவர் வண்டியை எடுக்கட்டும்.

எங்கள் தேர்வு
வீட்டில் கான்சன்ட்ரேட்டரும் குழாயும். வழிக்குச் சின்ன சிலிண்டர். மாஸ்க் வாங்கினால், நல்ல நாளிலேயே அதில் ஒரு பிஸ்கட்டை வைத்து முகரப் பழக்குங்கள். அந்தப் பூனைக்கு நாங்கள் செய்யத் தவறியது அதுதான்.