சுவருக்கு ஏற்ற வர்ணம்

வீட்டுக்கு வர்ணம் பூச உத்தேசித்திருப்பவர்கள், கடையில் காட்டும் விரலகல நிற அட்டையை மட்டும் நம்பிப் பத்து லிட்டர் வாளியை வாங்கிவிடாமல், மிகச் சிறிய டப்பா ஒன்றை வாங்கி, சுவரில் இரண்டடிச் சதுரத்துக்கு இருமுறை பூசி, நன்றாக உலர்ந்தபின், காலை வெயிலிலும் அந்தியிலும் இரவு விளக்கொளியிலும் பார்த்து நிச்சயிப்பதே உசிதம். அட்டையில் சாந்தமாகத் தோன்றிய மஞ்சள், நான்கு சுவர்களிலும் ஏறியதும் கண்ணைக் கூசவைத்தது என் சொந்த அனுபவம்.

அதற்காக அஞ்சி வெள்ளையோடு நின்றுவிட வேண்டாம். வாசலில் நுழைந்ததும் எதிரே தெரிகிற ஒரு சுவருக்கேனும் அரக்குச் சிவப்போ மயில்கழுத்து நீலமோ தைரியமாகக் கொடுங்கள். எந்த நிறம் என்று மனம் தடுமாறினால் பீரோவைத் திறந்து பாருங்கள். பல வருஷங்களாக விரும்பிக் கட்டிய புடவைகளே உங்கள் ரசனையைச் சொல்லிவிடும். கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணச் சாந்தை வார்த்து, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தே செய்யப்படும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வாய்த்தவர்கள், அதிலுள்ள நிறங்களில் ஒன்றையே சுவருக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

ஈரம் ஊறும் சுவரை மட்டும் முதலில் செப்பனிடுங்கள். கசிவின்மேல் பூசிய வர்ணம், எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், கொப்புளித்து உதிர்ந்துவிடும்.