தும்மலும் கண் அரிப்பும்: மகரந்த ஒவ்வாமையை அறிவோம்

பாக்கார் ஆராங், சுங்கைப்பட்டாணி வட்டார மூத்தோருக்கான சுகாதாரக் குறிப்பு

அறிகுறிகள் என்ன?

தொடர் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு. ஆனால் காய்ச்சல் இல்லை. இவை வாரக்கணக்கில் நீடித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். சாதாரணச் சளி பெரும்பாலும் 10 நாள்களுக்குள் குணமாகிவிடும்.

எந்தச் செடிகள் காரணம்?

முதலாவது செம்பனை. அதன் ஆண்பூவில் சோம்பு மணமும் மஞ்சள் நிற மகரந்தத் தூளும் இருக்கும். 1981-இல் கேமரூன் நாட்டு வண்டுகள் கொண்டுவரப்படும் வரை, தோட்டத் தொழிலாளர்களே இந்தத் தூளைப் பூக்களின்மீது தூவி வந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் உங்களிலும் இருக்கலாம். இன்று அந்த வேலையை வண்டுகள் செய்கின்றன. எனினும் ஒரு பகுதித் தூள் காற்றில் கலக்கிறது. செம்பனை ஆண்டு முழுவதும் பூப்பதால், பருவம் முடிந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க இயலாது.

லாலாங் போன்ற புல்வகைகளும் சாலையோர அக்கேசியா மரங்களும் சிலருக்கு ஒவ்வாமை தருகின்றன. வீட்டுக்குள் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சி, நம் நாட்டில் இன்னும் பொதுவான காரணம். எந்த இடத்தில், எந்த நேரத்தில் தும்மல் கூடுகிறது என்று இரண்டு வாரம் குறித்து வாருங்கள். மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. புல் வெட்டும்போதும் பெருக்கும்போதும் முகக்கவரி அணியுங்கள்.
2. வெளியே சென்று வந்ததும் முகம் கழுவி, உடை மாற்றுங்கள்.
3. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் துவையுங்கள்.
4. மூக்கைக் கழுவ மருந்தக உப்புநீரையோ, கொதிக்கவைத்து ஆறிய நீரில் கலந்த உப்புநீரையோ பயன்படுத்துங்கள். குழாய் நீரை அப்படியே மூக்கில் விடாதீர்கள்.
5. சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திப் புகையைக் குறையுங்கள்.

மருந்தில் கவனம்

அண்டை வீட்டார் தரும் மாத்திரையை வாங்கி விழுங்க வேண்டாம். குளோர்பெனிராமின் போன்ற பழைய ஒவ்வாமை மாத்திரைகள் தூக்கத்தையும் தடுமாற்றத்தையும் தரும். இரவில் கழிவறைக்கு எழும்போது விழ நேரிடலாம். புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். லோராட்டடின் போன்றவை தூக்கத்தைக் குறைவாகவே தரும். எது உங்களுக்கு ஏற்றது என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து முழுப் பலன் தரச் சில நாள்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

எப்போது உடனே உதவி தேவை?

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாதல், முகம் அல்லது நாக்கு வீங்குதல் இருந்தால் 999-ஐ அழையுங்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீங்குவது ஆகியவை இருதயக் கோளாறாக இருக்கலாம். ஒவ்வாமைதான் என்று எண்ணித் தாமதிக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கிளினிக்குக்கு வரும்போது நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் எடுத்து வாருங்கள்.