ஏழு கைதிகளுக்காகவா இத்தனை வாணவேடிக்கை?

கேள்வி: ஜூலை 14 அன்று பிரான்ஸ் கொண்டாடுவது பாஸ்டில் சிறை வீழ்ந்ததைத்தானா?

பதில்: பாதி சரி. 1789 ஜூலை 14 அன்று பாரிஸ் மக்கள் பாஸ்டிலை முற்றுகையிட்டது கைதிகளை மீட்க அல்ல, வெடிமருந்துக்காக. காலையிலேயே இன்வாலிட் மாளிகையில் புகுந்து துப்பாக்கிகளை அள்ளிவிட்டார்கள். மருந்து இல்லாத துப்பாக்கியை வைத்து என்ன செய்வது? உள்ளே இருந்த கைதிகள் மொத்தம் ஏழே பேர், அதில் நால்வர் கள்ளப் பத்திரம் தயாரித்தவர்கள்! கோட்டைத் தளபதி தெ லோனேயைக் கொன்று, தலையை ஈட்டியில் குத்தி ஊர்வலம் போனார்கள். மன்னர் பதினாறாம் லூயியோ அன்றைய நாட்குறிப்பில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினார். வேட்டையில் எதுவும் சிக்கவில்லையாம்.

அடுத்த ஆண்டு அதே நாளில், அதே மன்னர் ஷான் தெ மார்ஸ் திடலில் மக்கள் முன் உறுதிமொழி எடுத்தார். அது ஒற்றுமைத் திருவிழா. 1880-இல் தேசிய விழாவுக்கு நாள் குறித்தபோது, ரத்தம் சிந்திய நாள் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்க, 1790-ஐ நினைத்துக்கொள்ளுங்கள் என்று சமாதானம் சொன்னார்கள். கெட்டிக்காரத்தனமாக, சட்டத்தில் ஜூலை 14 என்று மட்டும் எழுதி, ஆண்டை விட்டுவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களும் 'பாஸ்டில் தினம்' என்பதில்லை. வெறும் 'ஜூலை 14'தான்.

நம் புதுச்சேரியிலும் அன்று கடற்கரைச் சாலையின் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.