ஆசார்யனும் உபாத்யாயரும்: ஒரு சொல் விசாரம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பணி ஓய்வுக்குப் பின் மசினகுடியில் வசித்துக்கொண்டு, இணையவழியே திருவாய்மொழி காலக்ஷேபம் கேட்டு வருகிறோம். ஒருநாள் அங்குப் பாடம் ஸாதிக்கும் ஸ்வாமியை 'ஆசார்யன்' என்றே விளித்துக் கடிதம் எழுதினோம். "தேவரீருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்துவைத்தவரன்றோ ஆசார்யன்? அடியேன் பாடம் சொல்லும் உபாத்யாயன் மாத்திரமே" என்று மறுமொழி வந்தது. அது முதல் இச்சொற்களை விசாரிக்கலானோம்.

ஆசார்யன் என்னும் சொல்லுக்குப் பெரியோர் மூன்று பொருள் கூறுவர். சாஸ்த்ரப் பொருள்களைத் திரட்டி அறிபவர், பிறரை ஆசாரத்தில் நிறுத்துபவர், தாமும் அவ்வண்ணமே ஒழுகுபவர். உபநயனம் செய்வித்து வேதத்தைக் கல்பத்தோடும் ரஹஸ்யத்தோடும் கற்பிப்பவர் ஆசார்யன் என்பது மநு ஸ்ம்ருதி. ஜீவனத்தின் பொருட்டு வேதத்தின் ஒரு பகுதியையோ வேதாங்கங்களையோ கற்பிப்பவரை அது உபாத்யாயர் என்கிறது. நம் பேச்சில் வழங்கும் 'வாத்தியார்' இவ்வுபாத்யாயரின் திரிபே. குரு என்பதற்கு அக இருளை நீக்குபவர் என்பது பிரஸித்தமான பொருள். மநுவோ, ஸம்ஸ்காரங்களைச் செய்து அன்னமிட்டு வளர்க்கும் தந்தையைக் குரு என்கிறார். நம் ஸம்ப்ரதாயத்தில் குரு, ஆசார்யன் என்னும் இரண்டும் ஒருபொருட் சொற்களாக வழங்குகின்றன. தேசிகன் என்பது வழி காட்டுபவரைக் குறிக்கும்.

ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் இப்பொருளை இன்னும் வரையறுக்கிறார். ஸம்ஸாரத்தை அறுக்கும் திருமந்த்ரத்தை உபதேசித்தவரையே நேரே ஆசார்யன் என்னலாம் என்பது அவர் திருவுள்ளம்.

அப்படியாயின், எம்பெருமானாருக்கு ஆசார்யர்கள் ஐவர் என்பது எங்ஙனே? பெரிய நம்பி மதுராந்தகத்தில் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளினார். திருக்கோஷ்டியூர் நம்பி ரஹஸ்யார்த்தத்தையும், திருமலை நம்பி ஸ்ரீராமாயணத்தையும், திருமாலையாண்டான் திருவாய்மொழியின் பொருளையும் ஸாதித்தனர். திருவரங்கப் பெருமாள் அரையரும் அர்த்த விசேஷங்களை அருளினார். ஐவரையும் ஆசார்யர் என்றே சொல்லுகிறோம். ஆயினும் குருபரம்பரையை அநுஸந்திக்கையில், எம்பெருமானாருக்கும் ஆளவந்தாருக்கும் நடுவே வீற்றிருப்பவர் பெரிய நம்பி ஒருவரே. ஆக, பெயர் பலருக்கு உரியது. அந்த ஸ்தானம் ஒருவருக்கே உரியது.

இதற்கு உதாஹரணம் நாம் வசிக்கும் மலைச்சாரலிலேயே உண்டு. சோழனால் நேர்ந்த இடரினால் எம்பெருமானார் வெள்ளை சாத்திக்கொண்டு மேல்நாட்டுக்கு எழுந்தருளிய வழி நீலகிரிச் சாரல் என்பர் பெரியோர். காட்டில் எதிர்ப்பட்ட வேடர்கள், "எங்கள் எம்பெருமானார் ஸுகமாக எழுந்தருளியிருக்கிறாரா?" என்று வினவி, தேனும் தினைமாவும் ஸமர்ப்பித்தனர். அவர்கள் நல்லான் சக்ரவர்த்தியிடம் உபதேசம் பெற்றவர்கள். அந்த நல்லான் அவர்களுக்குக் காட்டியது தம்மை அன்று, எம்பெருமானார் திருவடிகளை.

அப்பால் கொங்கில் பிராட்டியின் திருமாளிகை. பஞ்ச காலத்தில் திருவரங்கம் சென்றிருந்தபோது எம்பெருமானாரிடம் த்வயம் பெற்றவள் அவள். வெள்ளை உடுத்திய திருமேனியை அவளால் அறிய முடியவில்லை. வந்தவர்களின் திருவடிகளை ஒவ்வொன்றாக நோக்கி, "இவை எம் ஆசார்யன் திருவடிகள் போலிருக்கின்றன" என்று தேறினாள். காஷாயத்தையும் புகழையும் பாராமல், தனக்கு அமைந்த ஸம்பந்தத்தையே அவள் பார்த்தாள்.

வங்கிக் கணக்கில் ஒருவர் செலுத்திய தொகையை மற்றொருவர் பெயரில் வரவு வைத்தால் மொத்தம் சரியாகவே நிற்கும். ஆனால் உரியவர் கணக்கில் அது இராது. நம் நன்றியும் அப்படியே இடம் மாறி நின்றது. பன்னிரண்டாம் பிராயத்தில் நமக்குத் திருவிலச்சினை சாத்திய ஸ்வாமியைப் பின்பு ஒருமுறையேனும் ஸேவிக்கச் செல்லவில்லை. அவர் பரமபதித்து நெடுங்காலமாயிற்று. அவருடைய திருநக்ஷத்ரமும் நமக்குத் தெரிந்திருக்கவில்லை. தமையனாரிடம் கேட்டே அறிந்துகொண்டோம்.

பாடம் சொல்லும் ஸ்வாமியிடம் நமக்குள்ள க்ருதஜ்ஞதை இதனால் குறையவில்லை. இப்போது காலக்ஷேபத்துக்கு முன் தனியன் ஸேவிக்கையில் முதலில் நம் ஆசார்யனை நினைக்கிறோம். பின்பு கைகூப்பி அவரிடம் பாடம் கேட்கிறோம். வாசகர்களும் தத்தம் ஆசார்யன் திருநாமத்தையும் திருநக்ஷத்ரத்தையும் இன்றே விசாரித்து, பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பார்களாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.