முதலில் தீவு, பிறகுதான் அறை

அன்புள்ள யாழினிக்கு,

சித்தி எழுதுவது. நீ வாட்ஸப்பில் அனுப்பிய மாலத்தீவு பேக்கேஜைப் பார்த்தேன். நான்கு இரவு, கடலுக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் வில்லா, தரையில் கண்ணாடி, படுக்கையில் ரோஜா இதழால் ஒரு இதயம். கீழே “ஓகேவா சித்தி?” என்று ஒரே ஒரு கேள்வி. டிராவல்ஸ் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் வீட்டு ஹனிமூனுக்கெல்லாம் டிக்கெட் போட்ட எனக்கு, அந்தப் படத்தில் இருப்பதைவிட இல்லாததுதான் முதலில் கண்ணில் படுகிறது. எந்தத் தீவு, ஏர்போர்ட்டிலிருந்து எப்படிப் போவது, வரி சேர்த்த விலையா சேர்க்காத விலையா, ஒன்றுமே அதில் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பந்தல்காரரும் சமையல்காரரும் நடுவில் வந்துவிடுவார்கள். அதனால் எழுதியே அனுப்புகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

மாலத்தீவில் 1,192 தீவுகள். மக்கள் குடியிருப்பது சுமார் 200 தீவுகளில்தான். 1972இல் தலைநகர் மாலேவுக்குப் பக்கத்தில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தார்கள். ஆளில்லாத தீவை அரசு குத்தகைக்கு விடும், எடுத்தவர் அதில் ரிசார்ட் கட்டுவார், ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். அன்றிலிருந்து பெரும்பாலும் இதுதான் வழக்கம். கரண்டுக்குச் சொந்த ஜெனரேட்டர், தண்ணீருக்குக் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை, காய்கறி கப்பலில் வர வேண்டும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. கொடைக்கானலில் ஹோட்டல் சாப்பாடு சரியில்லை என்றால் எதிர்க்கடைக்குப் போய்விடலாம். அங்கே எதிரே இருப்பது கடல். சாப்பாடு, படகு, டாக்டர், பொழுதுபோக்கு எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான். போய் இறங்கிய பிறகு மாற்றிக்கொள்ளக் கிட்டத்தட்ட எதுவும் கிடையாது. ஆகவே அறையைப் பார்த்து மயங்காமல், தீவை முதலில் தேர்ந்தெடு.

தீவுக்கும் முன்னால் மாதம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே வடகிழக்குக் காற்றுக்காலம்; வானம் வெளுத்துக் கடல் அடங்கி இருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். தை முகூர்த்தத்தில் கல்யாணம் முடித்துப் போகிறவர்களுக்கு அந்த வானம் கிடைக்கும், அந்த விலையும் கிடைக்கும். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று. மழையும் அலையும் உண்டு, விலை இறங்கும். உன் கல்யாணம் ஆவணிக் கடைசியில். விருந்து, மறுவீடு, குலதெய்வக் கோயில் எல்லாம் முடித்துக் கிளம்பினால் புரட்டாசி ஆகிவிடும். அது மழைக்காலத்தின் நடுப்பகுதி. பயப்பட வேண்டாம், நாள் முழுக்க அடித்து ஊற்றும் என்று அர்த்தமில்லை. ஆனால் நான்கு நாளில் ஒரு நாள் அறைக்குள் போகலாம் என்று மனதைத் தயார்செய்துகொண்டு போ. அந்த மாதத்துக்கென்று ஒரு கொடுப்பினையும் உண்டு. பா அட்டோலில், அதாவது பா என்ற பவளத்தீவு வளையத்தில், ஹனிஃபாரு என்ற சிறு விரிகுடாவில், மே முதல் நவம்பர் வரை மிதவை உயிரிகளைத் தின்பதற்கு மான்ட்டா என்னும் பெரிய கொம்புத் திருக்கைகள் கூட்டமாக வரும். 2011இலிருந்து அந்த அட்டோல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். ஹனிஃபாருவுக்குள் சிலிண்டர் மாட்டி டைவ் அடிக்க அனுமதி இல்லை, மூச்சுக்குழாயோடு மேலே மிதந்தபடிதான் பார்க்க வேண்டும். தையில் போகிறவர்களுக்குக் கிடைக்காத காட்சி இது.

இனி தீவு. ரிசார்ட்டின் பெயரை கூகுள் மேப்பில் போட்டு சாட்டிலைட் படத்துக்கு மாற்று. கரையை ஒட்டி வெளிர்பச்சையாகத் தெரிவது மணல்தரை கொண்ட ஆழமில்லாத தண்ணீர். அதை லகூன் என்பார்கள். பழுப்புத் திட்டுகள் பவளம். அதற்கு வெளியே சட்டென்று கருநீலம் தொடங்கும் கோடுதான் பவளத்திட்டின் விளிம்பு. மீன் கூட்டம் அங்கேதான். அந்தக் கோடு கரையிலிருந்து ஐம்பது அறுபது மீட்டரில் இருந்தால் படகே இல்லாமல் நீந்திப் போய்ப் பார்க்கலாம். அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒவ்வொரு முறையும் படகுக்குப் பணம். ஆனால் நீச்சல் தெரியாதவர்களுக்கு அந்த அகன்ற வெளிர்பச்சைத் தண்ணீர்தான் பத்திரம். உனக்குத் தாமிரபரணியில் நீந்திய பழக்கம் உண்டு. மாப்பிள்ளைக்கு? சென்னையில் வளர்ந்த பிள்ளை, வெட்கப்படாமல் கேட்டுவிடு. பதிலைப் பொறுத்துத் தீவே மாறும்.

அதே படத்தில் வில்லாக்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்றும் பார். எல்லோரும் சூரிய அஸ்தமனம் தெரியும் மேற்குப் பக்கத்தைக் கேட்டு வாங்குவார்கள், அதற்குக் கூடுதல் பணமும் கொடுப்பார்கள். புரட்டாசியில் காற்று வருவதே அந்தப் பக்கத்திலிருந்துதான். அலை அங்கே மோதும், மணலையும் அரித்துக் கிழக்குப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். காற்று திரும்பும் மாதங்களில் மணலும் திரும்பி வரும். அதனால் நீ போகும் மாதத்தில் கிழக்குப் பக்கத்து வில்லாவில் பெரும்பாலும் தண்ணீர் அமைதியாகவும் மணல் அகலமாகவும் இருக்கும், வாடகையும் சில இடங்களில் குறைவு. அஸ்தமனம் பார்க்க வேண்டுமானால் சாயங்காலம் தீவின் அந்தக் கோடிக்கு நடந்து போய்விட்டு வரலாம். தீவே அவ்வளவுதான் இருக்கும்.

அடுத்தது போக்குவரத்து. திருவனந்தபுரத்துக்கும் மாலேவுக்கும் நடுவே ஏறத்தாழ 600 கிலோமீட்டர்தான். நெல்லைக்காரர்களுக்கு டெல்லியைவிட மாலே பக்கம். மாலேயில் இறங்கிய பிறகுதான் ஆட்டமே. பக்கத்துத் தீவுகளுக்கு ஸ்பீட் போட், தூரத்துத் தீவுகளுக்குத் தண்ணீரில் இறங்கும் சீ பிளேன், அல்லது உள்நாட்டு விமானத்தில் போய் அங்கிருந்து படகு. சீ பிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலை மூன்றரைக்கு மேல் மாலேயில் இறங்கினால் அன்றைக்கு அது கிடைக்காது என்றே வைத்துக்கொள். பக்கத்திலிருக்கும் ஹுல்ஹுமாலேயில் ஒரு ராத்திரி தங்க வேண்டிவரும், ரிசார்ட்டில் கட்டிய முதல் இரவு வீணாகும். திரும்பும் விமானம் அதிகாலையில் இருந்தாலும் இதே கதை. பா அட்டோலுக்கு தரவந்தூவில் உள்நாட்டு விமான நிலையம் உண்டு. தாமதமாக வருகிறவர்களுக்கு அந்த வழி உதவும்.

சீ பிளேனில் ஏறுவதே ஓர் அனுபவம், அதை மறுக்க மாட்டேன். பதினைந்து பேர் உட்காரும் சின்ன விமானம், சக்கரத்துக்குப் பதில் மிதவைகள், ஊழியர்கள் வெறுங்காலோடு நின்று கயிற்றை அவிழ்ப்பார்கள். இரைச்சலுக்குக் காதில் பஞ்சு. ஜன்னலுக்குக் கீழே வளையம் வளையமாக அட்டோல்கள். ஆனால் பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோதான். சில சமயம் நீங்கள் ஒரு விமானத்திலும் பெட்டி அடுத்த விமானத்திலும் வரும். மாத்திரை, சார்ஜர், ஒரு மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும். பல ரிசார்ட்டுகளில் சீ பிளேனுக்குப் போகவர ஆளுக்கு 400 டாலரைத் தாண்டும். உன் பேக்கேஜில் இது சேர்ந்திருக்கிறதா என்று முதல் வேலையாகக் கேள்.

பணக் கணக்குக்கு வந்துவிட்டோம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று பொருள். ஓர் இரவுக்கு 400 டாலர் என்று வைத்துக்கொள். 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்தால் 440. அதன்மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி.; 2025 ஜூலையிலிருந்து அது 17 சதவீதம். ஆக 514 டாலர் 80 சென்ட். பசுமை வரி ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், இருவருக்கு 24. மொத்தம் 538 டாலர் 80 சென்ட். நான்கு இரவுக்கு 1,600 என்று நினைத்தது 2,155ஐத் தாண்டிவிடும். படகும் விமானமும் இன்னும் சேரவில்லை. டூர் பேக்கேஜ் இங்கே வாங்கினால் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே ஒரு வரி பிடிப்பார்கள். அது போன பணம் இல்லை, வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். ரசீதில் யார் பான் எண் இருக்கிறது என்று மட்டும் கவனி.

சாப்பாட்டுத் திட்டத்தையும் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். காலை, இரவு மட்டும் என்றால் மதியம் உங்கள் செலவு. பல இடங்களில் ராத்திரி மேஜையில் வைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தனி பில். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் ‘ஆல் இன்க்ளூசிவ்’ வாங்கினால் அடுத்தவர் குடிக்குக் காசு கொடுத்த மாதிரி. மூன்று வேளைச் சாப்பாட்டுத் திட்டம் போதும். மாப்பிள்ளை வீட்டில் புரட்டாசிக்குக் கவிச்சி கிடையாது என்று உன் அம்மா சொன்னாள். அப்படியானால் கடல் உணவு விருந்து அடங்கிய திட்டம் எதற்கு? சைவம் என்று முன்கூட்டியே எழுதிவிடு. விரதம் இல்லையென்றால், ஒரு நாள் காலையில் அவர்கள் ஊர்ச் சாப்பாடான மாஸ் ஹுனி கேட்டுச் சாப்பிடு. சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். தூத்துக்குடி மாசிக்கருவாட்டுச் சம்பல் சாப்பிட்ட நாக்குக்கு அது அந்நியமாகத் தெரியாது.

அடுத்தது ஆவண வேலைகள். மாலத்தீவில் இறங்கியதும் சுற்றுலா விசா இலவசமாகக் கிடைக்கும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடு. டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. கல்யாணமானதும் அவர் பெயரைச் சேர்த்து டிக்கெட் போட்டுவிடாதே. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்கும்வரை டிக்கெட்டிலும் அப்பா பெயர்தான். புதுத் தம்பதிக்குத் தரும் கேக், விருந்து, அறை அலங்காரம் ஆகியவற்றுக்குப் பல ரிசார்ட்டுகள் திருமணச் சான்றிதழ் கேட்கும். 2009ஆம் வருஷத்துச் சட்டப்படி தமிழ்நாட்டில் கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்தே ஆக வேண்டும். எப்படியும் செய்யப்போவதை ஊருக்குப் போகும் முன்பே செய்துவிடுங்கள்.

மாலத்தீவு முஸ்லிம் நாடு. கஸ்டம்ஸில் கண்டிப்பு அதிகம். மது பாட்டில் கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொண்டு திரும்பும்போது தருவார்கள். பன்றி இறைச்சி, வேப் எதுவும் கூடாது. வழிபாட்டுக்கான விக்கிரகமும் தடை. அம்மா ஆசையாகப் பெட்டியில் வைக்கும் குட்டிப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ. தாலியோடு மற்ற நகைகளையும் மாட்டிக்கொண்டு கடலில் இறங்காதே. கம்மலை அடித்துக்கொண்டு போக ஓர் அலை போதும். வரும்போது சிப்பி, பவளத் துண்டு, மணல் எதையும் எடுத்து வராதே, அதுவும் குற்றம். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி அங்கே பவளம் பெருமளவில் வெளுத்துப்போனது. மிச்சம் இருப்பதன்மேல் காலை ஊன்றாமல் மிதக்கப் பழகுங்கள். டைவிங் ஆசை இருந்தால் முதல் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது இருக்க வேண்டும், சீ பிளேனும் விமானம்தான்.

இந்தக் கணக்கெல்லாம் கைக்கு மீறினால் கடன் வாங்கிப் போகாதே. 2009க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் வந்துவிட்டன. மாலேவிலிருந்து ஸ்பீட் போட்டில் போகும் தூரத்தில் மாஃபூஷி. தெற்கு ஆரி அட்டோலில் திகுரா, அந்தப் பக்கம் வருஷம் முழுக்கத் திமிங்கலச் சுறா நடமாட்டம் உண்டு. வாடகை ரிசார்ட்டைவிட வெகு குறைவு. மது கிடையாது, நீச்சல் உடைக்கென்று ஒதுக்கிய கடற்கரை தனி, ஊருக்குள் தோள் மூடி நடக்க வேண்டும், வெள்ளிக்கிழமை கடைகள் பாதி நாள் அடைத்திருக்கும். இரண்டு இரவு அங்கே, இரண்டு இரவு ரிசார்ட்டில் என்று பிரித்துக்கொள்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் புத்திசாலித்தனம்.

பணம் கட்டும் முன் ரிசார்ட்டுக்கு ஒரு மெயில் போடு. எந்தப் பக்கத்து வில்லா, பவளத்திட்டு எத்தனை மீட்டர், எங்கள் விமான நேரத்துக்கு எந்த வண்டி, எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். எழுத்தில் பதில் வராத இடத்துக்குப் போக வேண்டாம். ரிசார்ட் கடிகாரத்தையும் கேட்டுக்கொள். சில தீவுகளில் மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னே வைத்து ஓட்டுவார்கள், படகு நேரம் எந்தக் கணக்கு என்று குழம்பும்.

பதில் வந்ததும் எனக்கு அனுப்பாதே. நானும் உன் அம்மாவும் அவர் அம்மாவும் ஆளுக்கொன்று சொல்வோம். முகூர்த்தம், மண்டபம், பத்திரிகை எல்லாவற்றையும் பெரியவர்கள் தீர்மானித்தாயிற்று. இது ஒன்றை நீங்கள் இரண்டு பேரும் மட்டும் உட்கார்ந்து, கையில் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எதில் பயம், யாருக்கு எதில் ஆசை என்று வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். எங்களிடம் தேதியை மட்டும் சொன்னால் போதும்.

அன்புடன்,
சித்தி